தரை பொய் சொல்லாது

லாம்பெத் மளிகைக் கடையில் உறைந்த பட்டாணி அடுக்கியிருந்த ஃப்ரீசருக்கு முன்னால் மண்டியிட்டு, அவிழாத ஷூ கயிற்றை மூன்றாவது முறையாகக் கட்டிக்கொண்டிருந்தான் வெர்லன் டிட்வெல். ஐம்பத்து நான்கு வயது ஆளுக்கு மண்டி போடுவதே ஒரு வேலை. அதிலும் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையிலிருந்த போனைத் தரையோடு தரையாகச் சாய்த்து, யாருக்கும் தெரியாமல் படம் எடுப்பது இன்னும் பெரிய வேலை. பழைய மஞ்சள் ஓடுகளைப் பெயர்த்தெடுத்திருந்தார்கள். அடியிலிருந்த காங்கிரீட்டைத் தேய்த்து மெருகேற்றியிருந்தார்கள். குனிந்து பார்த்தால் மேலே எரியும் விளக்கு கீழே தெரிந்தது. வெர்லனுக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷத்தில்தான்.

ஊரில் மற்றவர்கள் ஓய்வு நாளில் மீன் பிடிப்பார்கள், மான் வேட்டைக்குப் போவார்கள். வெர்லன் கடைகளைப் படமெடுப்பான். எல்லாக் கடைகளையும் அல்ல. எந்தக் கடையைப் புதுப்பிக்கிறார்களோ அந்தக் கடையை: புதுப்பிக்கும் முன்னால், நடுவில், முடிந்த பின்னால். பள்ளிக்கூடங்களின் கொதிகலன்களையும் ஏசிகளையும் பராமரிக்கும் வேலை போக மிச்ச நேரமெல்லாம் இதற்குத்தான். பதினான்கு வருஷத்தில் வடக்கு மிசிசிப்பி, டென்னசி, அலபாமா என்று முந்நூற்றுப் பன்னிரண்டு கடைகள். எடுத்த படங்களை ஒரு வலைப்பூவில் போடுவான். நாற்பது பேர் விடாமல் படிக்கிறார்கள். ஒஹாயோவில் ஆன்சன் என்று ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். சுவரின் பச்சை எந்த வருஷத்துப் பச்சை என்று மூன்று பத்தி எழுதக்கூடியவர். வெர்லனுக்கு நேரில் பார்க்காத அண்ணன் மாதிரி.

கடைகளைப் படமெடுக்கும் இந்தக் கூட்டத்துக்கு எழுதாத சட்டங்கள் சில உண்டு. படமெடுத்த கடையில் ஏதாவது ஒன்று வாங்காமல் வெளியே வரக் கூடாது. வெர்லன் மஸ்டர்ட் சாஸ் வாங்குவான். கெடாது, பையில் அடங்கும். ஊரில் கொடுத்தது போக, வீட்டு அலமாரியில் இப்போது இருபத்தொரு பாட்டில் இருக்கிறது. அவன் மனைவி ஜோனெல்லுக்கு மஸ்டர்ட் என்றாலே ஆகாது.

அந்த ஜோனெல்தான் போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் பேச்சை எடுத்தாள். இதே லாம்பெத் கடையின் பேக்கரியில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவள். பிளம்குரோவ் ஊரில் பிறந்தநாள் கொண்டாடிய எவரும் கேக்கின்மேல் அவள் கையெழுத்தைத் தின்னாமல் இருந்திருக்க முடியாது. அவளை டுபெலோவில் இருக்கும் பெரிய கிளைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பேக்கரி முழுக்க அவள் பொறுப்பு. ஆனால் போக நாற்பத்தைந்து மைல், வர நாற்பத்தைந்து மைல். விடிகிற முன்னால் மான்கள் குறுக்கே பாயும் ரோட்டில். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கேயே இருந்துவிடலாம் என்றால், இந்தக் கடை இருக்குமா என்பதே சந்தேகம். புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் புதுப்பித்த ஆறாம் மாதம் பூட்டிய கடைகளை அவள் கணவனே வண்டி வண்டியாகப் படமெடுத்து வைத்திருக்கிறான். போகாமல் இருந்து கடையும் மூடிவிட்டால், ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு யார் ஒரு அடுப்பைக் கொடுப்பார்கள்?

"நீதான் கடைங்களுக்கெல்லாம் டாக்டராச்சே," என்றாள். "என் கடைக்கும் நாடி புடிச்சுப் பாரு. தேறுமா தேறாதா, சொல்லு."

கேலிதான். ஆனாலும் வெர்லனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பதினான்கு வருஷத்தில் இந்தப் பைத்தியக்காரத்தனத்தைப் பற்றி அவள் ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

அவனிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்தால் அது சாகப்போகிறவனுக்குச் சவரம் செய்வது மாதிரி; இரண்டு வருஷம் தாங்காது. தரையை உடைத்தால் மனதில் பத்து வருஷக் கணக்கு இருக்கிறது என்று அர்த்தம். சுவர் விளம்பரம் பேசும், தரை பொய் சொல்லாது. இந்த ஒரே அளவுகோலை வைத்து ஒன்பது கடைகளின் தலையெழுத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறான். இங்கே தரையை உடைத்தது மட்டுமல்ல, ஃப்ரீசர் வரிசை முழுவதையும் மாற்றியிருந்தார்கள். சுவர் எழுத்துகள் மட்டும் தெர்மாகோலில் வெட்டி ஒட்டியவை போல இருந்தன. விளக்கும் பாதிதான் மாற்றியிருந்தார்கள். அந்த இரண்டையும் அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, போகட்டும் என்று விட்டுவிட்டான்.

"கயிறு கட்டியாச்சா?" என்று மேலிருந்து குரல் கேட்டது.

ஜோனெல் நின்றிருந்தாள். முழங்கை வரைக்கும் மாவு. பேக்கரிப் பக்கம் மறைத்திருந்த பிளாஸ்டிக் திரையைத் தாண்டி வந்திருக்கிறாள்.

"அங்க பால் செக்ஷன்ல ரெண்டு பேரு, 'உன் வீட்டுக்காரருக்கு ஏதாவது மயக்கமா'ன்னு கேட்டுட்டுப் போறாங்க. மானம் போவுது. எந்திரி."

அவன் ஃப்ரீசரின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தான். "இரு," என்றான்.

"என்ன இரு? நின்னுட்டுதான இருக்கேன்."

"இல்ல, இங்கயே இருந்துடு. டுபெலோவெல்லாம் வேணாம். பத்து வருஷம் தாங்கும்."

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். "அடிச்சுச் சொல்றியா?"

"தரைய பாரு. தரை பொய் சொல்லாது."

அவள் தரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது ஈரம் பட்டால் வழுக்கும் ஒரு தரை, அவ்வளவுதான். தலையை ஆட்டிவிட்டுத் திரைக்குள் போனாள். வெர்லன் இருபத்திரண்டாவது மஸ்டர்ட் பாட்டிலோடு வீட்டுக்குப் போனான்.

அவனுக்கு அந்த வாரம் வேறொரு தலைவலியும் இருந்தது. படங்களெல்லாம் இருந்த லேப்டாப் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. பதினான்கு வருஷத்துக் கிழம். பத்து நிமிஷம் ஓடினால் கொதித்து அணைந்துவிடும். அடியில் ஒரு உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை வைத்து அதன்மேல் உட்கார்த்தினால் அரைமணி தாங்கும். இருபத்தாறாயிரம் படங்கள். வேறொன்று வாங்கியே ஆக வேண்டும். ஆனால் வாங்குவது கடைசியாக வாங்குவதாக இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு பிடிவாதம். மூன்று மாதமாகத் தேடுகிறான். எதை எடுத்தாலும் இது எத்தனை வருஷம் உழைக்கும் என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறான்.

வியாழக்கிழமை மதியம், பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் டைரீ தன் அறையில் இரண்டு லேப்டாப்களை எடுத்து மேசையில் வைத்தான். ஒன்று ஏதோ இன்சூரன்ஸ் ஆபீஸில் ஏழு வருஷம் உழைத்துவிட்டு வந்தது. கறுப்பு, செங்கல் கனம். மற்றது புத்தம் புதியது, அப்பளம் போல மெல்லிசு.

வெர்லன் இரண்டையும் குப்புறக் கவிழ்த்தான். திருகாணிகளை எண்ணினான். கறுப்பில் பேட்டரியைக் கையாலேயே கழற்றலாம். புதியதில் எல்லாம் உள்ளே ஒட்டு. ஆனால் கறுப்பில் ஏழு வருஷம் ஏற்கெனவே போய்விட்டதே. இரண்டின் கீலையும் திறந்து மூடினான். காதருகே வைத்து விசிறியின் சத்தத்தைக் கேட்டான். மறுபடி திறந்து மூடினான்.

"அண்ணே, பொண்ணு பாக்க வந்தவன்கூட இத்தனை தடவ நடக்கச் சொல்ல மாட்டான்," என்றான் டைரீ. "என்னதான் பாக்கறீங்க?"

"எது ரொம்ப நாளைக்கு வரும்னு பாக்கறேன்."

"அதெப்படிண்ணே பாத்தா தெரியும்? நான் இருவது வருஷமா இதே வேலை. பெட்டிய பிரிச்ச அன்னிக்கே செத்ததும் உண்டு. காபியில முழுகி எந்திரிச்சு வந்ததும் உண்டு."

"அப்ப நீ எத எடுப்ப?"

"என்னக் கேட்டா?" டைரீ இரண்டையும் பார்த்தான். சிரித்தான். "நான் ஆபீஸ்ல குடுத்தத வச்சு ஓட்டறேன். ரெண்டையும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க. திங்கக்கிழமை ஒண்ணத் திருப்பிக் குடுங்க. எதுனு என்கிட்ட கேக்காதீங்க."

அன்று சாயங்காலம் பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்ட பிறகு, வெர்லன் சமையலறை மேசையில் கடை விரித்தான். நடுவில் பட்டாணிப் பொட்டலத்தின்மேல் கிழம், இரண்டு பக்கமும் வாரிசுகள். ஜோனெல் பக்கத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மூன்று மணிக்கு எழுகிறவள். எட்டு மணிக்குள் படுத்துவிடுவாள். இருந்தாலும் உட்கார்ந்தாள். நாளைக்குப் போன் செய்ய வேண்டும்; அதற்கு முன் தன் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றாள்.

வெர்லன் உற்சாகமாக ஆரம்பித்தான். இது சுவர் மட்டும் மாற்றிய கடை, போயிற்று. இதுவும் போயிற்று. இது தரை மாற்றியது, இன்றைக்கும் ஓடுகிறது. அலபாமாவில் மூன்று வருஷத்துக்கு முன்னால் மூடிய ஒரு லாம்பெத் கிளைக்கு வந்தான். கடைசி நாள் எடுத்த படம். காலி ஃப்ரீசர்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் அடித்தகட்டில் ஒரு நசுங்கல், பிசைந்த மாவில் கட்டை விரலை அழுத்தினது போல. படத்துக்குக் கீழே அவனே எழுதியிருந்தான்: 'தள்ளுவண்டி மோதிய தழும்பு.'

வெர்லன் படத்தைப் பெரிதாக்கினான். போனை எடுத்து, புதன்கிழமை மண்டியிட்டு எடுத்த படத்தைத் தேடினான். பட்டாணி ஃப்ரீசர். அடித்தகடு. அதே நசுங்கல்.

"என்னாச்சு?" என்றாள் ஜோனெல்.

"ஃப்ரீசர் புதுசு இல்ல."

"அப்படின்னா?"

"மூடுன கடையிலேர்ந்து தூக்கிட்டு வந்திருக்கான்."

"அப்படின்னா?"

அவன் வாயைத் திறந்தான். நல்ல பொருளை வீணாக்காமல் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்றால் இந்தக் கடையை நம்புகிறார்கள். புதிதாக வாங்க மனம் வரவில்லை என்றால் நம்பவில்லை. தரையை மெருகேற்றியது நம்பிக்கை. அல்லது அடியில் காங்கிரீட் நன்றாக இருந்ததால் புது ஓடு வாங்காமல் தேய்த்துவிட்டார்கள், அது சிக்கனம். தெர்மாகோல் எழுத்து. பாதி விளக்கு. ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இப்படிப் பார்த்தால் இப்படி, அப்படிப் பார்த்தால் அப்படி. ஒன்பது கடைகளுக்குச் சொன்னதெல்லாம் சித்தாந்தமா, குருட்டு அதிர்ஷ்டமா என்று முதல் முறையாக ஒரு பயம் வந்தது. காது இரண்டும் சுட்டன.

"தெரியல," என்றான்.

"நேத்து அடிச்சுச் சொன்னியே."

"நேத்து தெரிஞ்சுது."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் கிழத்தைப் பட்டாணியோடு தன் பக்கம் இழுத்து, பிளம்குரோவ் லாம்பெத் என்றிருந்த ஃபோல்டரைத் திறந்தாள். பதினான்கு வருஷம், எழுநூறு படங்கள். அவளுடைய பேக்கரி பழைய பழுப்பில், பிறகு ஆரஞ்சில், பிறகு இலைப்பச்சையில். கண்ணாடி அலமாரி. எடை மெஷின். சுவர்க் கடிகாரம். நிறைய நேரம் நகர்த்திக்கொண்டே போனாள்.

"நான் எங்க?"

"என்னது?"

"இதுல நான் எங்க? இது வியாழக்கிழமை மத்தியானம்னு போட்டிருக்க. நான் அங்கதான நின்னுட்டிருப்பேன்."

வெர்லனுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. "ஆளுங்க இல்லாமதான் எடுக்கணும். அதான் முறை. யாராவது நின்னா அவங்க நகர்ற வரைக்கும் காத்திருந்து எடுப்போம். எல்லாருமே அப்படித்தான். ஆன்சன்கூட ஒரு கிழவி தயிர் எடுக்கறதுக்கு இருவது நிமிஷம் காத்திருக்காரு."

"நான் நகர்ற வரைக்கும் காத்துட்டிருந்தியா?"

"உன்னைன்னு இல்ல..."

"இருபத்திரண்டு வருஷமா அங்க நிக்கறேன் வெர்லன்." குரலில் கோபம் இல்லை. கணக்குத் தப்பிவிட்ட ஆள் மாதிரி, திரும்பவும் முதல் படத்திலிருந்து நகர்த்தினாள். "கடிகாரம் இருக்கு. மாப் இருக்கு. வாளிகூட இருக்கு பாரு."

அவன் குனிந்து பார்த்தான். வாளி இருந்தது. அதன் விளிம்பில் நீலத் துணி ஒன்று தொங்கியது, ஜோனெல்லுடையதாகத்தான் இருக்கும். அதைச் சொல்லலாமா என்று நினைத்து, நல்லவேளையாகச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. என்ன தப்பு செய்தோம் என்று யாராவது விளக்கிச் சொன்னால் தேவலை போலவும் இருந்தது. அதற்குள் பட்டாணி உருகி, கிழம் தானாகவே அணைந்துவிட்டது.

ஜோனெல் எழுந்தாள். போகிற போக்கில் மெல்லிசு லேப்டாப்பில் நாலு எழுத்தைத் தட்டிப் பார்த்தாள். பிறகு கறுப்பில் தட்டினாள். இன்னும் கொஞ்சம் தட்டினாள்.

"இத வச்சுக்கோ," என்றாள்.

"ஏன்? ஏழு வருஷம் ஓடுனதாச்சே."

"எழுத்து விரலுக்கு இதமா இருக்கு." கதவருகே நின்றாள். "அது செத்தா வேற வாங்கிக்க."

வெள்ளிக்கிழமை அவன் எழுந்தபோது அவள் போயிருந்தாள். போனில் ஆன்சனுக்கு எல்லாவற்றையும் எழுதினான்: தரை, ஃப்ரீசர், நசுங்கல், மனைவியின் வேலை. கால்மணியில் பதில் வந்தது. பழைய ஃப்ரீசர் போட்ட கடை ஒன்று ஐந்தே மாதத்தில் மூடியதை ஆன்சன் பார்த்திருக்கிறாராம். பழைய ஃப்ரீசரோடு இருபது வருஷமாக ஓடும் கடையையும் பார்த்திருக்கிறாராம். 'கூடுதல் படங்கள் அனுப்பவும்' என்று முடித்திருந்தார். ஆயுளில் முதல் முறையாக வெர்லனுக்கு ஆன்சன்மேல் எரிச்சல் வந்தது.

எப்படியாவது பன்னிரண்டுக்குள் அவளைப் பார்த்துவிட வேண்டும். பார்த்து என்ன சொல்வது? போ என்று சொல்லவும் ஆதாரம் இல்லை, இரு என்று சொல்லவும் இல்லை. தெரியாது என்பதையே இன்னொரு தரம் ஒழுங்காகச் சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு அறையின் ஏசியைப் பாதியில் விட்டுவிட்டு, பதினொன்றேமுக்காலுக்குக் கடைக்குள் ஓடினான். தரையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கே கஷ்டப்பட வேண்டியிருந்தது.

பிளாஸ்டிக் திரையை விலக்கிக்கொண்டு நுழைந்தான். பதினான்கு வருஷத்தில் கண்ணாடி அலமாரிக்கு இந்தப் பக்கம் அவன் வந்ததேயில்லை. வாடிக்கையாளன் நிற்கும் இடத்திலிருந்துதான் படமெடுப்பது வழக்கம். ஜோனெல் ஒரு பெரிய பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"போன் பண்ணிட்டியா?"

"பத்து மணிக்கே பண்ணிட்டேன்."

"என்ன சொன்ன?"

"வரலன்னு சொல்லிட்டேன்."

"நான் சொன்னதுக்காகவா? நேத்து நான்தான் தெரியலன்னு..."

"உன் தரைக்காக இல்ல, போ." பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "இங்க வா."

வலது பக்கச் சுவரோரம் ஒரு புதுத் தொட்டி பொருத்தியிருந்தார்கள். கை கழுவவும் பாத்திரம் கழுவவும் ஆழமான ஸ்டீல் தொட்டி.

"தொட்டி அந்தக் கோடியில இருந்துச்சு. அடுப்பு இந்தக் கோடியில. ஒவ்வொரு தட்டுக்கும் பதினாறு அடி. இருபத்திரண்டு வருஷம் நடந்தேன். என் முட்டிக்கு அதான் கேடு. போன மாசம் ஒரு கான்ட்ராக்டர் வந்தான். சின்னப் பையன், தாடிகூடச் சரியா மொளைக்கல. 'உங்களுக்கு இங்க எதையாவது மாத்தணுமா மேடம்'னு கேட்டான். இத்தனை வருஷத்துல அப்படிக் கேட்ட மொத ஆளு. தொட்டிய இங்க கொண்டான்னேன். சும்மா வாய்க்கு வந்ததச் சொன்னேன். இன்னிக்குக் காலைல வந்து பாத்தா, இருக்கு."

வெர்லன் குனிந்து தொட்டியின் அடியைப் பார்த்தான். கொதிகலன்காரன் கண். புதுச் செம்புக் குழாய் தரைக்குள் இறங்கியது. அதைச் சுற்றிக் காங்கிரீட்டை அறுத்து, குழாயைப் பதித்து, மறுபடி பூசியிருந்தார்கள். பூச்சு இன்னும் ஈரநிறத்தில் இருந்தது.

"இதுக்குத் தரைய அறுத்திருக்கணும்," என்றான், தன்னையறியாமல். "பதினாறு அடி. மூடப்போற கடைக்கு எவன்..."

"வெர்லன்."

அவன் நிமிர்ந்தான்.

"மூடுனா மூடட்டும்," என்றாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது என்பது அவனுக்கு அப்போது தெரிந்தது. "நான் சரியாத்தான பண்ணேன்?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். நெற்றியில் மாவு. இடது புருவத்தில் எப்போதோ அடுப்பு சுட்ட சிறு வடு. முந்நூற்றுப் பன்னிரண்டு கடைகளில் எந்தச் சுவர் எந்த வருஷம் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, அந்த வடு எந்த வருஷத்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"குழாயத் தொறந்து பாத்தியா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்ல. நீ வரட்டும்னு இருந்தேன்."

அவள் குழாயைத் திருகினாள். முதலில் காற்று இருமியது. குழாய் உதறிக்கொண்டு பழுப்பு நிறத்தில் தண்ணீரைத் துப்பியது, நின்றது, மறுபடி துப்பியது. ஜோனெல் பின்வாங்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெளிய எவ்ளோ நேரமாவும்?"

"தெரியல," என்றான் வெர்லன். "ஓடட்டும்."

இருவரும் தொட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் வெளுத்தது போலத் தெரிந்தது. மறுபடி பழுப்பாக வந்தது.